கெடு தாண்டிய வழக்கும் போலீஸ் மீது வழக்கு நடத்தும் வக்கீலும்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தன் வீட்டுக்குள் நின்றிருந்த கவாஸ்கி டிராவிக் என்ற 32 வயதுக் கறுப்பினத்தவர் போலீஸ் குண்டுக்குப் பலியானது 2019 ஏப்ரல் 14 அன்று. சம்பந்தப்பட்ட இரு காவலர்கள் மீதும் துறை நடவடிக்கை இல்லை என்று காவல் ஆணையர் எட்வர்ட் கபான் முடிவெடுத்தது 2024 ஏப்ரலில். ஐந்து ஆண்டு இழுத்த விவகாரம் ஒரு காலக்கெடுவில் கவிழ்ந்தது. சம்பவம் நடந்த 18 மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தந்திருக்க வேண்டும், தரவில்லை.

இதுபற்றி வரும் வாசகர் கடிதங்களில் குழப்பம் மூன்று வகை. ‘ஆளைக் கொன்ற விவகாரத்துக்குக் கெடு ஏது?’ என்பது ஒன்று. ‘வழக்கு நடத்திய வக்கீல் அரசு வக்கீலா, இறந்தவர் குடும்பத்தின் வக்கீலா?’ என்பது இன்னொன்று. ‘வாரியமே தவறு என்று சொன்ன பிறகு ஆணையருக்கு அதில் என்ன வேலை?’ என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் பொதுமக்கள் புகார் ஆய்வு வாரியத்தின் வக்கீல்கள் வேலை செய்யும் விதத்தில்.

இந்த வாரியம் முழுக்கப் பொதுமக்களைக் கொண்டதாக, காவல் துறையிலிருந்து தனித்து இயங்குவது 1993 முதல். ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகள் அது புகாரை விசாரித்து, ‘உண்மை’ என்று எழுதி, கோப்பைக் காவல் துறையின் வக்கீல்களிடமே ஒப்படைத்துவந்தது. 2012இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, 2013 முதல் கடுமையான புகார்களில் வாரியத்தின் சொந்த வக்கீல்களே வழக்கை நடத்துகிறார்கள்.

‘சுதந்திரமான வழக்கு நடத்துநர்கள்’ என்று இவர்களைச் சொல்வதுண்டு. அதை அப்படியே விழுங்க வேண்டாம். விசாரணை அறை இருப்பது காவல் தலைமையகத்துக்குள். விசாரிப்பவர் காவல் துறையின் துணை ஆணையர் பதவியில் இருப்பவர் அல்லது அவருக்குக் கீழே உள்ளவர். அவர் எழுதும் தீர்ப்பும் பரிந்துரைதான். கடைசிக் கையெழுத்து ஆணையருடையது. மாமியார் வீட்டுத் திண்ணையில், மாமனார் தலைமையில் கூடும் பஞ்சாயத்தில் மருமகளுக்காகப் பேசப் போனவரின் நிலைதான் இந்த வக்கீலுக்கு.

இனி அந்த 18 மாதக் கணக்கு.

கெடு போலீசுக்கென்று வந்ததல்ல. நியூயார்க் மாநிலக் குடிமைப் பணிச் சட்டத்தின் 75ஆவது பிரிவில் இருக்கிறது. அலுவலக எழுத்தருக்கும் பொருந்தும். எப்போதோ செய்த பிழையைச் சொல்லி அரசு ஊழியரின் தலைமேல் ஆண்டுக்கணக்கில் கத்தியைத் தொங்கவிடக் கூடாது என்பது நோக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சங்கதி, அதே பிரிவில் உள்ள விதிவிலக்கில் இருக்கிறது. நடந்த செயல், நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் குற்றமாகும் என்ற தன்மை உடையதானால், 18 மாதக் கெடு பொருந்தாது.

படிக்க எளிதாக இருக்கிறது. வக்கீலுக்கு இது வேலையையே மாற்றிவிடுகிறது.

கெடுவுக்குள் வந்த வழக்கில், காவலர் துறை விதியை மீறினார் என்று காட்டினால் போதும். கெடு தாண்டிவிட்டால் அதே சம்பவம், அதே வீடியோ, அதே சாட்சிகளை வைத்து, தண்டனைச் சட்டத்தில் உள்ள ஒரு குற்றத்தின் ஒவ்வோர் உறுப்பையும் நிரூபிக்க வேண்டும்: காயம் ஏற்பட்டதா, வேண்டுமென்றே செய்தாரா, ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் செய்தாரா? குற்ற வழக்கு நடந்திருக்க வேண்டியதில்லை. யாரும் சிறை போகப்போவதில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் பேசவேண்டிய மொழி குற்றச் சட்டத்தின் மொழி.

இந்த வழியில் போய் ஜெயித்த வழக்கு உலகமே அறிந்தது. 2014 ஜூலை 17 அன்று ஸ்டேட்டன் தீவில், வரி கட்டாத சில்லறை சிகரெட் விற்றதாகச் சொல்லி எரிக் கார்னரைப் பிடித்தபோது, டேனியல் பண்டலேயோ என்ற காவலர் அவர் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கினார். மூச்சு முட்டுகிறது என்று கார்னர் 11 முறை சொன்னது வீடியோவில் பதிவானது. அந்தக் கழுத்துப்பிடியை நியூயார்க் காவல் துறை 1993இலேயே தடை செய்திருந்தது. 18 மாதங்களுக்குள் வழக்கு வந்திருந்தால் விதிமீறல் ஒன்றே போதும்.

ஆனால் 2014 டிசம்பரில் மாநில கிராண்ட் ஜூரி வழக்கு வேண்டாம் என்றது. பிறகு மத்திய அரசின் விசாரணை முடியட்டும் என்று காவல் துறை காத்திருந்தது. பண்டலேயோவுக்குக் குறிப்பாணை போனது 2018இல்தான். ஆகவே வாரியத்தின் வக்கீல்கள் சுசான் ஓஹேர், ஜோனதன் ஃபோகல் இருவரும் 2019 மே மாதம் விசாரணை அறைக்குள் போனபோது, தடை செய்த பிடியைப் போட்டார் என்பது போதாமல் போயிருந்தது. குற்றம் செய்தார் என்று காட்ட வேண்டியிருந்தது.

இரண்டு குற்றங்களை முன்வைத்தார்கள். ஒன்று கழுத்தை நெரித்தல். அதற்கு மூச்சை அடைக்கும் நோக்கம் இருந்ததாகக் காட்ட வேண்டும். மற்றொன்று, ஆபத்தைப் பொருட்படுத்தாமல் காயப்படுத்துதல். இதற்கு நோக்கம் தேவையில்லை. முதலாவது நிரூபணமாகவில்லை, இரண்டாவது நிரூபணமானது என்று விசாரணைத் துணை ஆணையர் ரோஸ்மேரி மால்டொனாடோ ஆகஸ்ட் 2 அன்று முடிவு சொன்னார். 17 நாள் கழித்து ஆணையர் ஜேம்ஸ் ஓனீல் பண்டலேயோவை வேலையிலிருந்து நீக்கினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராண்ட் ஜூரி கைவிட்டது. மத்திய நீதித் துறை தனக்கிருந்த ஐந்தாண்டுக் கெடு முடிய ஒரே நாள் இருக்கையில், 2019 ஜூலை 16 அன்று, வழக்கில்லை என்றது. அந்தச் செயல் குற்றத்தின் இலக்கணத்துக்குப் பொருந்துகிறது என்று கடைசியில் சொன்னது, குற்ற வழக்குகளை விசாரிக்கவே அதிகாரமில்லாத ஒரு துறை விசாரணை அறை.

டிராவிக் வழக்கில் இதே வழி மூடிக்கொண்டது. வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட அவர் உதவி கேட்க, தீயணைப்புப் படையினர் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த போலீசார் கதவைத் திறந்தபோது அவர் கையில் ரொட்டி நறுக்கும் கத்தியும் ஒரு கம்பும் இருந்தன. முதலில் டேசர் மின்துப்பாக்கி, பிறகு தோட்டா. போலீஸ் வந்து இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

18 மாதம் 2020 அக்டோபரில் முடிகிறது. காவலர்களின் உடலில் பொருத்திய கேமராப் பதிவுகளைக் காவல் துறை ஒன்றரை ஆண்டுக்கு மேல் வாரியத்திடம் தரவில்லை. தன் உள்விசாரணை முடியட்டும் என்றது. பதிவைப் பார்க்காமல் குற்றச்சாட்டு எழுத முடியாது. வாரியம் குற்றச்சாட்டுக்கு முடிவெடுத்தது 2021இல். விசாரணை நடந்தது 2023இல். இருக்கையில் அதே மால்டொனாடோ. கெடு போய்விட்டது, செயல் குற்றம் என்று வாரியம் நிரூபிக்கவுமில்லை, ஆகவே விதிவிலக்கும் பொருந்தாது என்றார் அவர். ஒரே நீதிபதி, ஒரே விதிவிலக்கு, இரண்டு முடிவுகள். ஆகவே அவரைச் சாடிப் பயனில்லை. ஆபத்தில் இருப்பதாக நம்பிச் சுட்டேன் என்று காவலர் சொல்லக்கூடிய வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது, கழுத்துப்பிடி வழக்கைவிடப் பல மடங்கு கடினம்.

உறுத்துவது வேறு. சாட்சியத்தைக் கையில் வைத்திருக்கும் துறை தாமதித்தால், கூடுதல் சுமை ஏறுவது வாரிய வக்கீலின் தலையில். தாமதித்தவருக்கு நஷ்டம் எதுவுமில்லை. துறையோ, வாரியம் மெதுவாக வேலை செய்கிறது, கோப்புகள் கெடுவின் விளிம்பில் வருகின்றன என்று சொல்லும். 2024இல் இப்படிக் கடைசி நேரத்தில் வந்தவை என்று நூற்றுக்கணக்கான வழக்குகளைத் துறை பரிசீலிக்காமலே மூடியது. வாரியத்திலும் தாமதம் உண்டுதான். ஆனால் கோப்பு தாமதமாக வருகிறது என்று சொல்லும் கையும், வீடியோவைப் பிடித்து வைத்த கையும் ஒன்றே.

மற்ற கேள்விகள்:

அந்த வக்கீல் யாருடைய வக்கீல்?
வாரியத்தின் வக்கீல். புகார் கொடுத்தவர் அவருக்குச் சாட்சி மட்டுமே. நஷ்டஈடு வேண்டுமென்றால் தனி வக்கீல் வைத்துத் தனி வழக்குப் போட வேண்டும்.

ஆணையர் வழக்கையே பறித்துக்கொள்ள முடியுமா?
முடியும். 2012 ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது: காவலர் மீது முன்பு நடவடிக்கை எதுவும் இல்லை என்பது போன்ற சில நிலைமைகளில், விசாரணைக்கு விடாமல் ஆணையர் வழக்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அரிதாகப் பயன்படுத்த வேண்டிய அதிகாரம் இது. கபான் பொறுப்பேற்ற ஓராண்டுக்குள் 54 காவலர்களுக்கு இதைப் பயன்படுத்தினார் என்று 2024 ஜூனில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளியிட்டது. 2020இல் ஒரு போராட்டத்தில் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளியதாகப் புகாருக்கு ஆளானவரும் அவர்களில் ஒருவர்.

எல்லாப் புகாரும் இந்த வக்கீல்களிடம் வருமா?
இல்லை. வாரிய உறுப்பினர் மூவர் கொண்ட குழு புகாரை உறுதி செய்து, நம் ஊர்க் காவலர்கள் ‘3(பி)’ என்று சொல்வதைப் போன்ற கடும் நடவடிக்கையைப் பரிந்துரைத்தால் மட்டுமே வரும்.

காவலர் வாய் திறக்க மறுக்கலாமா?
கூடாது, ஆனால் கட்டாயத்தில் அவர் சொன்னதைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது.

பேரம் பேசி முடிக்கலாமா?
இரு தரப்பும் தண்டனையை ஒப்புக்கொண்டு முடிக்கலாம், ஆணையர் சம்மதித்தால்.

பழைய நடவடிக்கைகளை மக்கள் பார்க்கலாமா?
பார்க்கலாம், அவற்றை மறைத்து வைத்திருந்த 50-ஏ என்ற சட்டப் பிரிவை மாநிலம் 2020 ஜூனில் ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் இப்படி வாரியம் உண்டா?
பெயருக்கு உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் அமைக்கவும், அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தவும் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் போட்ட சட்டம், மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலருக்கே கொடுத்தது; டிஜிபி அதில் உறுப்பினர்.

வாரியம் கேட்ட தண்டனையை ஆணையர் குறைத்தால்?
காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

வேலை போன காவலர் கோர்ட்டுக்குப் போகலாமா?
போகலாம், பண்டலேயோ போனார், 2021இல் தோற்றார்.