ட்ரோன் இருக்கு... டீசல் இல்லை! மாலி ராணுவம் சறுக்கியது எங்கே?

2025 நவம்பர் 6. மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில், கோப்ரி என்ற ஊருக்கு அருகே மின்மயமாக்கல் பணியில் இருந்த 5 இந்தியர்களை ஆயுதக் குழு ஒன்று கடத்திச் சென்றது. ஐந்து பேருமே தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 26-ல், எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடு முழுவதும் பள்ளி, கல்லூரிகளை இரண்டு வாரம் மூடுவதாக மாலி அரசு அறிவித்திருந்தது.

இத்தனைக்கும் அங்கே ஆட்சி நடத்துவதே ராணுவம்தான். துருக்கி ட்ரோன், ரஷ்யப் போர் விமானம், கூடவே ரஷ்ய வீரர்கள் என எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் இந்த நிலைமை? பார்க்கலாம்.

எங்கே ஆரம்பித்தது?

2012 ஜனவரியில், வடக்கு மாலியில் துவாரெக் இனக் கிளர்ச்சியாளர்கள் தனி நாடு கேட்டு ஆயுதம் ஏந்தினர். கடாஃபியின் வீழ்ச்சிக்குப் பிறகு லிபியாவில் இருந்து வந்த ஆயுதங்கள் அவர்கள் கையில் இருந்தன. அடி மேல் அடி வாங்கிய ராணுவ வீரர்கள், 'சண்டை போட எங்களுக்கு ஆயுதமே தரவில்லை' என்ற கோபத்தில் மார்ச் மாதம் தங்கள் அரசையே கவிழ்த்தனர். அந்தக் குழப்பத்தில் கிடால், காவோ, திம்புக்டு என மூன்று நகரங்களும் கைவிட்டுப் போயின. பின்னாடியே வந்த அல்-கொய்தா ஆதரவுக் குழுக்கள், துவாரெக் அமைப்பையும் ஓரங்கட்டின.

2013-ல் பிரான்ஸ் படை வந்து நகரங்களை மீட்டது. ஐ.நா. அமைதிப்படையும் வந்தது. ஆனால் கிராமங்களில் தாக்குதல் நிற்கவில்லை. மத்திய மாலிக்கும் பரவியது. மக்களின் இந்த வெறுப்புக்கு நடுவே 2020 ஆகஸ்டிலும் 2021 மே மாதத்திலும் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. தலைவரானார் அசிமி கோய்ட்டா. 2025 ஜூலையில், தேர்தலே இல்லாமல் அவருக்கு 5 ஆண்டு பதவிக்காலம் வழங்கப்பட்டது. அதை மீண்டும் நீட்டிக்கவும் முடியும்.

பிரான்ஸ் வெளியே... ரஷ்யா உள்ளே!

2021 இறுதியில் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை மாலிக்குள் வந்தது. 2022 ஆகஸ்டில் கடைசி பிரெஞ்சு வீரரும் கிளம்பினார். 2023 இறுதிக்குள் ஐ.நா. படையும் மூட்டை கட்டியது.

தொடக்கத்தில் பலன் தெரிந்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேல் கிளர்ச்சியாளர்கள் பிடியில் இருந்த கிடாலை 2023 நவம்பரில் ராணுவம் கைப்பற்றியது. ஆனால் 2024 ஜூலையில் அல்ஜீரிய எல்லையோரம் தின்சவாத்தனில் ராணுவமும் வாக்னரும் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. அதே ஆண்டு செப்டம்பர் 17-ல், தலைநகர் பமாகோவிலேயே காவல் பயிற்சிப் பள்ளியும் விமான நிலையப் பகுதியும் தாக்கப்பட்டன. 2025 ஜூனில் வாக்னர் விடைபெற்றது. அதன் இடத்தில் இப்போது இருப்பது, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஆப்பிரிக்கா கோர்' படை.

டேங்கர் லாரிக்கு ஏன் குறி?

பமாகோ தாக்குதலை நடத்தியது ஜே.என்.ஐ.எம். என்ற அமைப்பு. அல்-கொய்தா ஆதரவுக் குழுக்கள் 2017-ல் ஒன்றுசேர்ந்து உருவாக்கியது. 2025 செப்டம்பரில் இது பாதையை மாற்றியது. தலைநகரைப் பிடிக்கப் போகவில்லை. அங்கே போகும் சாலையை மறித்தது.

காரணம் எளிது. மாலிக்குக் கடலே கிடையாது. பெட்ரோல், டீசல் எல்லாம் செனகலின் டக்கார், ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் போன்ற துறைமுகங்களில் இறங்கி, லாரியில்தான் வரணும். அந்த டேங்கர்களை வழியிலேயே எரித்தார்கள். ராணுவம் பாதுகாப்புக்குக் கூடவே போனபோதும் தாக்குதல் தொடர்ந்தது. பமாகோ பங்க்குகளில் பைக் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. டீசல் இல்லாததால் மின்வெட்டும் மோசமானது.

சிக்கல் ஆயுதத்தில் இல்லை

இந்தியாவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பரப்பளவு கொண்ட நாடு மாலி. ஒரு நகரத்தைப் பிடிக்க விமானமும் ட்ரோனும் உதவும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையைத் தினமும் காக்க, வழிநெடுக காவல் சாவடி வேணும். அதைவிட முக்கியம், 'அங்கே புது ஆட்கள் நடமாடுறாங்க' என்று தகவல் சொல்லும் ஊர் மக்கள்.

அந்த நம்பிக்கைதான் உடைந்து கிடக்கு. 2022 மார்ச்சில் மத்திய மாலியின் மூரா கிராமத்தில், ராணுவமும் வெளிநாட்டு ஆயுதப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. கொல்லப்பட்டவர்கள் பயங்கரவாதிகள் என்கிறது மாலி அரசு. ஒரு பக்கம் ஆயுதக் குழு, மறுபக்கம் ராணுவம் என இருவருக்கும் பயப்படும் கிராமத்துக்காரர் வாயைத் திறப்பாரா?

அடுத்து என்ன?

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று ராணுவ ஆட்சி நாடுகளும் 2023-ல் தனிக் கூட்டணி அமைத்தன. 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸில் இருந்து வெளியேறின. 5,000 பேர் கொண்ட கூட்டுப்படையையும் அறிவித்தன. ஆனால் மூன்றுக்குமே கடல் இல்லை. மூன்றிலுமே இதே ஆயுதக் குழுக்கள்தான் தலைவலி. வடக்கே அல்ஜீரியாவுடனும் உறவு சரியில்லை. 2025-ல் எல்லையோரம் மாலியின் ட்ரோனை அல்ஜீரியா சுட்டு வீழ்த்தியதில் பகை முற்றியது.

ஆக, துறைமுகம் வைத்திருக்கும் செனகல், ஐவரி கோஸ்ட்டின் தயவு மாலிக்குக் கட்டாயம் தேவை. அந்த ராணுவம் தேறுகிறதா, இல்லையா என்று தெரிய புது ட்ரோன் வருகிறதா எனப் பார்க்க வேண்டியதில்லை. டக்காரில் கிளம்பிய டேங்கர், பத்திரமாக பமாகோ போய்ச் சேருதா என்று பார்த்தாலே போதும்.