தாயின் நெருக்கடி, சேயின் குடல்

குழந்தை பிறந்த நாளிலேயே அதன் குடலில் பாக்டீரியாக்கள் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் பெரும்பங்கு தாயிடமிருந்து வருவதுதான். அந்தத் தாயை வறுமையும் கவலையும் வாட்டினால், பிள்ளையின் குடலிலும் அது தெரியுமா?

செயின்ட் லூயிஸ் சொல்வது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 121 தாய்மாரின் மலத்தையும் நான்கு மாதக் குழந்தைகள் 89 பேரின் மலத்தையும் பரிசோதித்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வருமானம், படிப்பு, குடியிருக்கும் பகுதி, சாப்பாட்டின் தரம் போன்றவற்றை ஒரு கணக்காகவும், மன அழுத்தத்தை இன்னொரு கணக்காகவும் எடுத்துக்கொண்டார்கள். தாய், சேய் இருவரின் குடல் பாக்டீரியாக்களிலும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் தனித்தனித் தடயம் இருந்தது.

கவலை கூடினால்

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 56 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 110 நாள்வரை கவனித்த ஆய்வு 2015-ல் வந்தது. கர்ப்ப காலத்தில் அதிகக் கவலையில் இருந்த, உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் நன்மை தரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பிஃபிடோபாக்டீரியாக்களும் குறைந்திருந்தன. வயிற்றுக் கோளாறும் ஒவ்வாமையும் அவர்களிடம் அதிகம்.

இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை உறுதி செய்வதில்லை. காரணத்தை நெருங்க உதவியது 2004-ல் வெளியான குரங்கு ஆய்வு. சினையாக இருந்த ரீசஸ் குரங்குகளை வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் பத்து நிமிடம், திடீர் ஒலியால் திடுக்கிட வைத்தார்கள். ஆறு வாரம் இது நடந்தது. குட்டிகளின் குடலில் அதே இரு வகை பாக்டீரியாக்களும் குறைந்தன.

பால் செய்யும் வேலை

தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை மேலே சொன்ன பிஃபிடோபாக்டீரியாக்களுக்கான தீனி. அவற்றைத் தின்று இவை வெளியிடும் அமிலம், தீய கிருமிகள் பெருகாமல் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதற்கு இன்னொரு வலுவான நியாயம் இது.

ஆறுதல் போதாது

கர்ப்பிணியிடம் “கவலைப்படாதே” என்று சொல்லி அனுப்பினால் தீராது. அமெரிக்காவில் 1993-ன் கூட்டாட்சிச் சட்டம் தருவது 12 வாரம் விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல். தினக்கூலியை நம்பி வாழும் பெண் அதற்கு முன்பே வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, பாலூட்டுவதும் தடைப்படுகிறது. பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் ரத்த அழுத்தத்தோடு வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, வாடகை கட்ட முடிகிறதா, உதவிக்கு ஆள் உண்டா என்றும் விசாரித்து, கிடைக்கக்கூடிய அரசு உதவிக்கு வழிகாட்டுவது மருத்துவத்தின் வேலைதான்.