மனநோயும் ஊர்ப்பேச்சும்: குடியாத்தம் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

மனநோயைப் பற்றித் தமிழ்க் கிராமங்களும் சிறுநகரங்களும் வாய் திறப்பதேயில்லை என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது பாதி உண்மையே. தோல் பதனிடும் தொழிலும் காலணித் தயாரிப்பும் பரவியுள்ள ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களிலும், தீப்பெட்டி, பீடி, லுங்கி நெசவு ஆகியவற்றால் பிழைத்துவந்த குடியாத்தத்திலும் மனத்துன்பம் நாள்தோறும் பேசப்பட்டே வருகிறது. நோய் என்ற பெயரில் பேசப்படுவதில்லை என்பதே வேறுபாடு. 'காத்து பட்டிருக்கு', 'யாரோ செய்வினை வச்சுட்டாங்க', 'மனசே ஒரு மாதிரியா கீது' என்று உறவினர் சொல்வதையும், தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, கைகால் அசதி என்று நோயுற்றவரே சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவ நூல்கள் மனச்சோர்வு என்றும் பதற்ற நோய் என்றும் வகைப்படுத்தும் நிலைகளின் அறிகுறிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தப் பேச்சுக்கு இடமும் நேரமும் உண்டு. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலையைக் கத்தரித்து, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டும் பீடித் தொழிலைப் பெண்கள் பலர் திண்ணையில் கூடி அமர்ந்து செய்யும்போது, கை ஒரு வேலையிலும் வாய் மற்றொரு வேலையிலும் இருக்க, குழுக்கடன் தவணையும் கணவனின் குடியும் மகளின் வரனும் தூக்கம் வராத இரவுகளும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. அந்தப் பேச்சு ஆறுதல் தருகிறது. அதே பேச்சுதான் மறுநாள் தெருமுனையில் வசைச்சொல்லாகவும் திரும்பி வருகிறது. ஊர்ப்பேச்சின் இந்த இரட்டைக் குணத்தைக் கணக்கில் கொள்ளாமல் 'எல்லோரும் மனம்விட்டுப் பேசுங்கள்' என்று மட்டும் அறிவுரை கூறுவது, வீட்டு மானத்தைச் சுமக்கும் பெண்களிடம் எடுபடாது.

நோய் எதனால் வந்தது, யாரிடம் போனால் தீரும் என்பது குறித்து நோயாளியும் குடும்பமும் கொண்டிருக்கும் நம்பிக்கைகளின் தொகுப்பை மனநல ஆய்வாளர்கள் 'நோய் விளக்க மாதிரி' என்பர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பும் அவருடைய குழுவினரும் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். சிந்தனையும் புலனுணர்வும் யதார்த்தத்திலிருந்து விலகி, இல்லாத குரல்கள் கேட்பது போன்ற அறிகுறிகளைத் தரும் உளச்சிதைவு நோய்க்கு முதன்முறையாக ஆளான 131 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தெய்வக்குற்றம், பில்லிசூனியம் போன்றவற்றையே காரணமாகக் கருதினர் என்றும், 22 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை ஒருசேர நம்பினர் என்றும் கண்டறிந்தனர். தர்காவில் மந்திரித்த கயிறும் சட்டைப்பையில் மாத்திரைச் சீட்டுமாக ஒருவர் இருப்பதில் முரண் எதையும் ஊர் காண்பதில்லை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்கிய மருத்துவரிடம் அந்தக் குடும்பம் மறுமுறை வருமா என்பதுதான் கேள்வி.

ஊர்ப்பேச்சையும் உறவையும் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கிய முன்னோடி முயற்சிகளில் ஒன்று குடியாத்தத்துக்கு அருகிலேயே நிகழ்ந்தது. மனநோயாளியை உயர்ந்த மதிலுக்குள் தனித்து அடைப்பதே உலகின் பல பகுதிகளில் வழக்கமாக இருந்த காலத்தில், கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸின் முயற்சியால் வேலூர் பாகாயத்தில் 1957-ல் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் தொடங்கப்பட்டபோது, நோயாளியுடன் உறவினர் ஒருவரேனும் உடன்தங்குவது அங்கு நடைமுறையாயிற்று. அதே பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், இடநெருக்கடியின் நடுவே குடும்பங்களைக் கூடாரங்களில் தங்கவைத்துப் பார்த்த பரிசோதனையும் இத்தகையதே. தாயோ மனைவியோ அண்ணனோ நாள்தோறும் உடனிருந்து மருந்தின் வேலையைக் கண்ணால் பார்ப்பதும், மருத்துவரிடம் கேள்வி கேட்பதும், பக்கத்து அறைக் குடும்பத்தோடு தங்கள் கதையைப் பகிர்ந்துகொள்வதும் சேர்ந்து, நோயாளி குணமாகிய பின் அவரை வீட்டுக்கு அழைத்துப் போவதா வேண்டாமா என்ற தயக்கத்தையே பெரும்பாலும் இல்லாமலாக்கின. 1794-ல் தோன்றி 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் சென்னை மனநல மருத்துவமனையிலும், 1961-ல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற மருத்துவர் எம். சாரதா மேனன் குடும்பத்தை ஈடுபடுத்துவதையும் மறுவாழ்வுப் பயிற்சியையும் வலியுறுத்தினார். பின்னர் 1984-ல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் உளச்சிதைவு நோய் குறித்த ஆய்வில் உலகப் பெயர் பெற்றது.

மீட்சி என்பது அறிகுறி முற்றிலும் மறைவதை மட்டும் குறிக்காது. மருந்து தொடர்ந்தாலும், எப்போதாவது குரல் கேட்டாலும், ஒருவர் வேலைக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதையும் அது குறிக்கும். லக்னோ, சென்னை, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் உளச்சிதைவு நோயாளிகளை ஈராண்டுகள் பின்தொடர்ந்து ஆபிரகாம் வர்கீஸ் குழுவினர் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் நிலை நன்றாக இருந்தது. மருந்து, குடும்பம், நோயாளி செய்யக்கூடிய வேலைகள் வீட்டிலும் வயலிலும் கிடைத்தமை என இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

வழிபாட்டிடங்களைப் பற்றியும் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து ரகுராம் குழுவினர் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அவர்களுடைய அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன என்றும், தனிச் சடங்கு எதையும்விட அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என்றும் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். நாடு முழுவதையும் உலுக்கி உச்சநீதிமன்றத்தைத் தலையிடச் செய்த அந்நிகழ்வுக்குப் பின், சங்கிலியிடுவது எந்த வடிவிலும் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடைசெய்தது. குஜராத்தின் மீரா தாதர் தர்காவிலும் பின்னர் ஏர்வாடியிலும் மருந்தையும் பிரார்த்தனையையும் எதிரெதிராக நிறுத்தாமல் இரண்டையும் ஒரே வளாகத்தில் கிடைக்கச் செய்த திட்டங்கள், தடைச்சட்டத்தால் மட்டும் எட்டமுடியாத குடும்பங்களை எட்டின.

இவ்வளவும் குடும்பம் துணைநிற்கும் இடத்துக்குப் பொருந்தும். குடும்பமே துன்பத்தின் ஊற்றாக இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கும் வேலூர் மாவட்டமே கசப்பான சான்றுகளைத் தந்துள்ளது. வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில், ஏறத்தாழ 1,08,000 மக்களிடையே, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை நெடுங்காலமாகப் பிறப்பு இறப்புகளைப் பதிவுசெய்து வருகிறது. அங்குக் கையாளப்படும் முறை 'வாய்மொழி மரண விசாரணை' எனப்படும்: ஊரில் ஓர் இறப்பு நேர்ந்தால், அந்த ஊரைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளரே முதலில் தகவல் தருவார், அதன்பின் செவிலியரும் மருத்துவரும் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பொறுமையாகப் பேசி உண்மைக் காரணத்தைத் தீர்மானிப்பர். காவல் நிலையப் பதிவிலும் நாளிதழிலும் 'தீராத வயிற்றுவலி' என்று முடிக்கப்படும் மரணங்களின் பின்னணி, ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் வெளிவருகிறது. 1994 முதல் 1999 வரை தற்கொலை வீதம் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 95 அளவில் இருந்ததை ஆபிரகாம் ஜோசப், ஜெயப்பிரகாஷ் முளியில், ஜேக்கப் உள்ளிட்டோர் 2003-ல் வெளிக்கொணர்ந்தனர். அக்காலத்தில் நாடு முழுமைக்குமான அரசுப் புள்ளிவிவரம் 10, 11 என்ற அளவிலேயே இருந்தது. பத்து முதல் பத்தொன்பது வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டு 2004-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது: 1992 முதல் 2001 வரை ஆண்பிள்ளைகளிடையே இலட்சத்துக்கு 58 என்றிருந்த வீதம் பெண்பிள்ளைகளிடையே 148 ஆக இருந்தது.

இவை பழைய எண்கள். இன்றைய நிலைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும் இளம்பெண்களின் துன்பம் எங்கே மறைகிறது என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் தமிழ்நாட்டுச் சான்று அரிது. அதே ஒன்றியத்தில் கர்ப்பிணிகள் 359 பேரிடம் தொடங்கி 2002-ல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காட்டினர் என்றும், வறுமை, மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, ஒத்தாசைக்கு ஆளின்மை, ஆண்குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண்குழந்தை பிறந்தமை ஆகியவை இந்நோய்க்கு இட்டுச்சென்றன என்றும் காட்டியது. இத்தகைய வீட்டில் மாமியாரையும் கணவனையும் உடன்வைத்துக்கொண்டு 'உனக்கு என்னம்மா கஷ்டம்?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லீங்க' என்பதைத் தவிர வேறு விடை வராது. பாகாயத்தின் குடும்ப முறையைப் போற்றுவோர் அதன் எல்லையையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்: குடும்பத்தை உள்ளே அழைப்பதோடு, மருமகளும் பள்ளி மாணவியும் குடும்பத்தாரின் செவிக்கு அப்பால் பேசுவதற்கும் இடம் தேவை.

ஆறாத உளக்காயத்தைக் குறிக்க ஈழத்தமிழர் வழங்கிய 'மனவடு' என்ற சொல் இங்கும் பயன்படும். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் இடப்பெயர்வும் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பம், அயல், ஊர் என்ற பிணைப்பையே குலைத்துவிடுவதைக் கூட்டு மனவடு என்று விளக்கி, ஆசிரியர், கிராம அலுவலர், பூசாரி போன்ற ஊர்மக்களைப் பயிற்றுவிப்பதையும் சடங்குகளையும் கூடிப் பேசுதலையும் மீட்பதையும் சிகிச்சையாக முன்வைத்தார். தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் போர் இல்லை. ஆனால் ஊரை ஒருசேரத் தாக்கும் நிகழ்வுகள் உண்டு. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இப்படிப்பட்ட விபத்துக்குப் பின் இழப்பீடு பற்றிப் பேச்சு எழுகிறது. உடன்பணியாற்றி உயிர்தப்பியவரின் மொழியில், அவர் கண்ட இரவைப் பற்றிக் கேட்பதற்கு ஆளிருப்பதில்லை.

நாட்டில் 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்படுவோருக்கும் பெறுவோருக்கும் உள்ள இடைவெளி நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் கூறியது. மனநல மருத்துவர்களைக் கொண்டு மட்டும் இதை நிரப்ப முடியாது என்பதால், பயிற்சிபெற்ற ஊர்ப்பணியாளர்கள் வீடுதேடிச் சென்று பேசும் முறைகள் உலகெங்கும் ஆராயப்படுகின்றன. ஜிம்பாப்வேயில் மருத்துவமனை வளாகத்து மரபெஞ்சில் அமர்ந்து பாட்டிமார் மனச்சோர்வுற்றோருடன் பேசும் முறையும், காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் உளச்சிதைவு நோயாளிகளின் வீட்டுக்கே ஊர்ப்பணியாளர் சென்று 2014-ல் மிதமான நற்பலன் கண்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கவை. பின்னதில் மருத்துவரின் சிகிச்சையும் சேர்ந்தே இருந்தது. மருந்தில்லாத பேச்சு கடும் மனநோய்க்குப் போதாது.

குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் இடையிலுள்ள கே.வி.குப்பத்தில் 1977 முதல் இயங்கும் ருஹ்சா என்ற ஊரக நல அமைப்பு, தனித்துவிடப்பட்ட முதியோர் பகலில் கூடி உண்டு பேசியிருக்கும் மையங்களைக் கிராமங்களில் நடத்திவருவது, நோய் என்ற பெயரைச் சொல்லாமலே மனநலத்தைக் காக்கும் ஏற்பாட்டுக்கு உள்ளூர் முன்மாதிரி. முதியோருக்குக் கிடைத்த இந்த இடம், காலணித் தொழிற்சாலைப் பேருந்தில் விடியலில் ஏறி இருட்டியபின் திரும்பும் இளம்பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மகளிர் குழுக் கூட்டங்களில் தவணை வசூலுக்குப் பின் ஒரு மணிநேரத்தை இதற்கென ஒதுக்கவும், பயிற்சிபெற்ற கிராம சுகாதார செவிலியரையோ மாவட்ட மனநலத் திட்ட ஆற்றுப்படுத்துநரையோ அதற்கு அழைக்கவும் பெரிய செலவாகாது. அங்குப் பேசப்பட்டது வெளியே போகாது என்ற உறுதியைத்தான் முதலில் சம்பாதிக்க வேண்டும். தற்கொலை முயற்சியை வெளியே சொன்னால் காவல்துறை வழக்கு வரும் என்ற அச்சத்துக்கும் இப்போது இடமில்லை: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், அம்முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல இயலாதவர்கள் 14416 என்ற டெலி-மனஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.