பயின்ற கையும் பெற்ற ஒளியும்

முதுமையிற் பார்வை மங்குதல் இயல்பே என்றும், அஃது ஊழ்வினைப் பயன் என்றும் எண்ணி அமைதியுறுவோர் நம்மிடையே பலர். தெல்தோட்டையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, வாழ்நாளெல்லாம் கொழுந்து தேர்ந்து பறித்த கைகள் முதுமையிற் சுவரைத் தடவி நடப்பதுண்டு. இவ்விருள் பெரும்பாலும் நீக்கத்தக்கது என்பதே மருத்துவ அறிவு காட்டும் உண்மை. உலகிற் குறைந்தது 220 கோடி மக்கள் பார்வைக் குறைபாடுடையர் என்றும், அவருட் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. அங்ஙனமாயின் அக்குறை நீங்காதிருப்பது ஏன்?

உலகிற் கண்ணொளி இழப்பிற்கு முதன்மையான காரணம் கண்புரை. கண்ணினுள்ளே பளிங்குபோல் தெளிந்திருக்கும் வில்லை கலங்குவதே புரையாகும். மருந்து அதனைக் கரைக்காது. சத்திரசிகிச்சையால் அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துதல் வேண்டும். 1949 இல் லண்டனிலே ஹாரல்ட் ரிட்லி என்னும் மருத்துவர் அவ்வாறு முதன்முதலிற் செய்தார். ஆகவே வழி தெரியாமை தடையன்று. அவ்வழியிற் பயின்ற கைகள் போதாமையே தடை. வறிய நாடுகளிற் கண் சத்திரசிகிச்சை நிபுணர் சிலரே. அச்சிலரும் பெரும்பாலும் நகரங்களிலேயே உளர்.

இக்குறையை நீக்க முயன்றோருள் மதுரை டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி (1918–2006) தலைசிறந்தவர். இளமையில் மூட்டுவாத நோய் அவர் விரல்களைக் கோணச்செய்தது. எனினும் தம் கைக்கேற்ற கருவிகளைக்கொண்டு பயின்று, தம் வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகளைச் செய்தார். அரசாங்க சேவையினின்றும் ஓய்வுபெற்றபின், 1976 இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுடையார் தரும் கட்டணம் வறியவர் சிகிச்சைக்கும் உதவுமாறு அதனை அமைத்தார்.

அங்கு பயிற்சி இருவகைப்படும். முதலாவது, மருத்துவர் கைக்குத் தரும் பயிற்சி. பயில்வோர் விலங்குகளின் கண்களிற் பழகியபின், மூத்தோர் அருகிருந்து நோக்கச் சத்திரசிகிச்சையின் ஒவ்வொரு படியாகக் கற்று, ஈற்றில் முழுவதையும் தாமே செய்வர். கண்ணின் வெண்படலத்திலே சுரங்கம்போற் சிறு வழி அமைத்துப் புரையை எடுக்கும் முறை இதிற் சிறப்புடையது. அவ்வழி பெரும்பாலும் தையலின்றித் தானே மூடிக்கொள்ளும். புரையை உடைக்கும் விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டா.

இரண்டாவது, மருத்துவரைச் சூழ்ந்து நிற்போர்க்குத் தரும் பயிற்சி. கிராமத்துப் பெண்கள் இரண்டாண்டு பயின்று, பார்வை அளத்தல், நோயாளியை ஆயத்தஞ்செய்தல், கருவி எடுத்துதவுதல் ஆகியவற்றைச் செய்கின்றனர். மருத்துவர் ஒரு மேசையிற் பணி முடிக்குமுன் அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாயிருப்பார். அரிய கை வீணே காத்திராமையால், ஒருவர் பலர்க்கு ஒளி தர இயலுகின்றது.

வெளிநாட்டு வில்லை ஒன்று நூறு டொலரளவு விற்ற காலத்தில், 1992 இல் தொடங்கிய ஓரோலாப் என்னும் அவர்களது தொழிற்சாலை அதனைப் பத்து டொலரளவில் ஆக்கித் தந்தது. அதே ஆண்டில் எழுந்த பயிற்சி நிறுவனம் பிற நாட்டு மருத்துவமனைகளுக்கும் இம்முறையைக் கற்பித்து வருகின்றது.

நம் நாட்டிற் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் கண் வைத்திய நிபுணரைப் பயிற்றுகின்றது. கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆயினும், பயின்ற கை காத்திருக்க, நோயாளி விதியை நொந்து வீட்டிலிருப்பின் பயன் யாது? புரை தீரத்தக்கதென்பதை மாணவர்க்கு உணர்த்தினால், அவர் பாட்டனையும் பாட்டியையும் கைப்பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வர். அவ்வளவேனும் ஆசிரியராகிய நம்மாற் செய்யக்கூடியதாகும்.