நான்கு சக்கரமும் இழுக்கும். ஒரு சக்கரம் கெடுக்கும்!

பலம் மிக்க விளையாட்டுக் கார். என்ஜின் நான்கு சக்கரங்களையும் சுற்றுகிறது. ஆனாலும் கார் நகரவில்லை! ஒரு சக்கரம் மட்டும் பனியில் வீணாகச் சுழல்கிறது. மற்ற மூன்றும் சும்மா நிற்கின்றன.

இப்படியும் நடக்குமா? நடக்கும்!

எதனால்?

கார் வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் டயர் தேயும். காரும் எளிதில் திரும்பாது.

ஆகவே, இரண்டுக்கும் நடுவே "டிபரன்ஷியல்" என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. அது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிறது.

ஆனால், அதில் ஒரு குறை உண்டு. இரு பக்கத்துக்கும் அது சமமான விசையைத்தான் கொடுக்கும். பனியில் வழுக்கும் சக்கரத்தைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். அதே கொஞ்சம்தான் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும்!

நான்கு சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் மூன்று டிபரன்ஷியல்கள் இருக்கும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, நடுவே ஒன்று. மூன்றும் சாதாரண வகை என்றால், ஒரு சக்கரம் வழுக்கினாலே நான்கும் பலம் இழந்துவிடும்.

வழுக்கலுக்குக் கடிவாளம்

1930களில் ஜெர்மன் என்ஜினீயர் பெர்டினாண்டு போர்ஷே, "ஆட்டோ யூனியன்" பந்தயக் காரை உருவாக்கினார். அதன் 16 சிலிண்டர் என்ஜினின் வேகத்தில் ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழன்றது. எனவே, "இசட்.எப்." கம்பெனியிடம் புதுவகை டிபரன்ஷியல் செய்யச் சொன்னார். அதுவே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல்.

இதில் ஒரு வகையில், உள்ளே "கிளட்ச்" தட்டுகள் இருக்கும். ஒரு சக்கரம் முந்திச் சுழன்றால், தட்டுகள் ஒன்றோடொன்று அழுந்தி உரசும். அதனால் பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசை போய்ச் சேரும்.

வென்ற பெண்!

1980இல் ஜெனீவா கண்காட்சிக்கு "ஆடி குவாட்ரோ" வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் கார் அது. அதில் நடு டிபரன்ஷியலையும் பின் டிபரன்ஷியலையும் ஓட்டுபவரே பூட்ட முடியும். 1981இல் இத்தாலியில் நடந்த சான்ரெமோ பந்தயத்தில், மிஷேல் மூட்டோன் என்ற பிரெஞ்சுப் பெண் இந்தக் காரில் வென்றார். உலக ராலிப் போட்டியில் வென்ற முதல் பெண் அவரே!

எல்லாருக்கும் வேண்டுமா?

பந்தயம் ஓட்டுபவருக்கும், பனி, சேற்றில் போகிறவருக்கும் நல்ல பலன் உண்டு. வளைவிலிருந்து வெளியேறும்போது கார் வேகமாகப் பாயும். உலர்ந்த சாலையில் நிதானமாகப் போகிறவருக்குப் பலன் குறைவு. முன்பக்கத்தில் பொருத்தினால், சில சமயம் ஸ்டியரிங் கையை இழுக்கும்.

இப்போது பல கார்களில், வழுக்கும் சக்கரத்துக்குக் கம்ப்யூட்டரே பிரேக் போடுகிறது. அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். பந்தயத் தடத்தில் தொடர்ந்து ஓட்டினால் பிரேக் சூடேறிவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கருவி காரைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது! பனியில் சுலபமாக வேகம் எடுத்தவர், அதே சுலபத்தில் நிற்கலாம் என்று நம்பினால் ஆபத்து. நிறுத்துவது பிரேக்கும் டயரின் பிடிப்பும்தான். காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், முதலில் நல்ல டயர் வாங்க வேண்டும். டிபரன்ஷியல் பிறகு!