உருகியது போக எஞ்சிய டாலர்கள்

பாட்டி காலத்துப் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஏதும் கிடந்தால், அதன் ஆண்டைப் பாருங்கள். 1918, 1919 என்று இருந்தால், அந்த வெள்ளி அதற்கு முன் அமெரிக்க டாலராக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்து சணலும் தோலும் கப்பல் கப்பலாகப் போயின. அதற்கான பணத்தை மக்கள் வெள்ளியாகவே எதிர்பார்த்தார்கள். காகிதத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் நோட்டை நீட்டி வெள்ளி கேட்டார்கள். 1917 நவம்பரில் இந்திய அரசு முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டதற்கே இந்த வெள்ளித் தட்டுப்பாடுதான் காரணம். அடுத்த ஏப்ரலில் கஜானா ஏறக்குறைய காலியாகும் நிலை. பிரிட்டன் அமெரிக்காவிடம் வெள்ளி கேட்டது.

அமெரிக்க அரசின் பெட்டகங்களில் கோடிக்கணக்கான வெள்ளி டாலர்கள் தொடுவாரின்றிக் கிடந்த காலம் அது. நெவாடா மாநிலத்து செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரல் 23 அன்று நிறைவேறியது. 35 கோடி டாலர்கள் வரை உருக்கலாம் என்று அனுமதி. உருகியது 27 கோடிக்குச் சற்று மேல். அதில் சுமார் 25.9 கோடி டாலர்களின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் என்ற விலைக்கு, பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரூபாயாக மாறியது. ஒரு டாலரில் சுத்த வெள்ளி 24.06 கிராம்; நம் ரூபாயில் 10.69 கிராம். கணக்குப் போட்டால், உருகிய ஒவ்வொரு டாலருக்கும் இரண்டேகால் ரூபாய்.

உருக்கியவர்கள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்த டாலர்கள் எத்தனை உலைக்குப் போயின என்று யாரும் குறித்துவைக்கவில்லை. ஆகவே, எத்தனை அடித்தார்கள் என்று அரசு ஏடு சொல்லும் எண்ணிக்கை ஒரு பக்கம், எத்தனை பிழைத்தன என்ற உண்மை இன்னொரு பக்கம் என்று இரண்டும் பிரிந்துபோயின. பழைய அமெரிக்க நாணயங்களில் எதைச் சேர்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு, அப்படி உலைக்குப் போன வகையான மார்கன் டாலரை நான் முதலில் சொல்வது இதனால்தான். அந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சேகரிப்பாளர்கள்தான் தங்கள் கண்ணாலும் பொறுமையாலும் அளந்து கண்டுபிடித்தார்கள்.

மார்கன் டாலர் மக்களின் தேவைக்காகப் பிறந்ததில்லை. 1873-இல் அமெரிக்கா வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்தியிருந்தது. நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கங்களோ வெள்ளியைக் கொட்டிக்கொண்டிருந்தன. விலை சரியச் சரிய, சுரங்கக்காரர்களும் கடனில் மூழ்கிய விவசாயிகளும் வெள்ளியை மறுபடி நாணயமாக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். 1878 பிப்ரவரி 28 அன்று, அதிபர் ஹேஸ் மறுத்தும் கேளாமல், அமெரிக்கக் காங்கிரஸ் பிளாண்ட்-ஆலிசன் சட்டத்தை நிறைவேற்றியது. மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை பெறுமானமுள்ள வெள்ளியை அரசு வாங்கி டாலராக அடித்தாக வேண்டும்.

அந்த டாலரை வடித்தவர் ஜார்ஜ் மார்கன். இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த செதுக்குக் கலைஞர். 1876-இல் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலைக்கு வேலைக்கு வந்தவர். தலைப் பக்கத்துப் பெண்ணுக்கு முகம் தந்தவர் ஆனா வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியை. கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வரைவதே வழக்கமாக இருந்த காலத்தில், அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை உட்கார வைத்து வரைந்ததில் மார்கனின் துணிவு தெரிகிறது. சற்றே சதைப்பற்றுள்ள கன்னம், நேரான மூக்கு, கூந்தலில் பருத்திக் காயும் கோதுமைக் கதிரும். பெயர் வெளியே தெரிந்த பிறகு வந்த புகழை அந்த ஆசிரியை விரும்பவே இல்லை என்பார்கள். பூப் பக்கத்தில் சிறகு விரித்த கழுகு. ஒரு காலில் ஒலிவக் கிளை, மறு காலில் அம்புகள். இரண்டு பக்கமும் 'எம்' என்று தன் பெயரின் முதல் எழுத்தைப் பொடியாகப் பொறித்திருக்கிறார் மார்கன்.

26.73 கிராம் எடை, 38.1 மில்லிமீட்டர் அகலம். கையில் வைத்தால் உள்ளங்கை சற்றுத் தாழும். அந்தக் கனமே அதற்கு எதிரியாயிற்று. கிழக்குக் கரை நகரங்களில் இதைச் சுமக்க யாருக்கும் விருப்பமில்லை; வெள்ளிக்குப் பதிலாகப் புழங்கிய காகிதச் சான்றிதழே போதும் என்றார்கள். மேற்கே சுரங்க ஊர்களிலும் சூதாட்ட மேசைகளிலும் ஓரளவு புழங்கியது. மற்றபடி, கித்தான் பையொன்றுக்கு ஆயிரம் என்று கட்டிப் பெட்டகங்களில் அடுக்கினார்கள். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-இலுமாக 65 கோடிக்கும் மேல் அடித்ததில் பெரும் பகுதி சந்தைத் தெருவையே பார்த்ததில்லை.

கழுகுக்குக் கீழே, இலை வளையத்தின் முடிச்சுக்கு அடியில், சின்ன எழுத்து ஒன்று இருக்கும். 'எஸ்' என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ. 'ஓ' நியூ ஆர்லியன்ஸ். 'சிசி' என்று இரட்டை எழுத்து வந்தால் கார்சன் சிட்டி. 1921-இல் மட்டும் 'டி', அது டென்வர். எழுத்தே இல்லாவிட்டால் ஃபிலடெல்ஃபியா. கார்சன் சிட்டி நாணயச்சாலை காம்ஸ்டாக் சுரங்கங்களுக்கு அருகே 1870-இல் தொடங்கியது, 1893-இல் நாணயம் அடிப்பதை நிறுத்தியது. அந்தக் கட்டடம் இன்று நெவாடா மாநில அருங்காட்சியகம். அங்கே இருந்த முதல் அச்சு இயந்திரம் இன்னும் ஓடுகிறது. அதில் நினைவுப் பதக்கங்கள் அடிக்கிறார்கள். சேகரிப்பாளர்களுக்கு 'சிசி' மீது தனிப் பித்து உண்டு. எனக்கும் உண்டு.

1885-இல் கார்சன் சிட்டியில் அடித்தவை 2,28,000. 1889-இல் அடித்தவை 3,50,000. ஏட்டை மட்டும் பார்த்தால் 1885தான் அரியது. நடந்தது நேர்மாறு. 1964 மார்ச்சில் அரசு வெள்ளி டாலர் கொடுப்பதை நிறுத்தியபோது பெட்டகத்தில் சுமார் 30 லட்சம் டாலர்கள் மிஞ்சின. பெரும்பாலும் கார்சன் சிட்டி நாணயங்கள். 1970-களில் அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் அவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தபாலில் விற்றது. அந்தக் குவியலில், 1885-இன் மொத்த உற்பத்தியில் பாதிக்கும் மேல் புத்தம் புதிதாகக் கிடந்தது. 1889? ஒரே ஒரு நாணயம். இன்று புதுக்கருக்குள்ள 1889 கார்சன் சிட்டி டாலர் பெரும் பணக்காரர்களின் பொருள். 1885-ஐ ஒரு நடுத்தரக் குடும்பத்துச் சேகரிப்பாளர் சில மாதம் சேமித்து வாங்கிவிடலாம்.

1903 நியூ ஆர்லியன்ஸ் டாலரின் கதை இன்னும் கடுமையானது. 44 லட்சத்துக்கும் மேல் அடித்திருந்தும் புதிய நிலையில் கண்ணில் படவே இல்லை. எல்லாம் 1918 உலையில் போயிற்று என்றே எல்லோரும் நம்பினார்கள். விலைப்பட்டியலில் ஆயிரம் டாலருக்கும் மேல் போட்டிருந்தது. 1962 இறுதியில், பல ஆண்டுகளாகத் திறக்காத ஒரு பெட்டகம் திறக்கப்பட, பை பையாக அதே டாலர் வெளியே வந்தது. சில மாதங்களில் அதன் விலை தரைமட்டம். முதலீடு என்று சொல்லி நாணயம் விற்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதே இல்லை. வாங்குபவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

எதிர்த்திசையில் 1884 சான் ஃபிரான்சிஸ்கோ டாலர். 32 லட்சம் அடித்தார்கள், அவை தாராளமாகப் புழங்கின. தேய்ந்த நாணயம் இன்றும் எளிதில் கிடைக்கும். தேயாதது கிடைப்பதோ குதிரைக் கொம்பு. யாரும் பையோடு எடுத்துவைக்கவில்லை. 1895-இல் ஃபிலடெல்ஃபியா 12,000 டாலர்களைப் புழக்கத்துக்காக அடித்ததாக ஏடு சொல்கிறது. அதில் ஒன்றுகூட இதுவரை யார் கையிலும் அகப்படவில்லை. சேகரிப்பாளர்களுக்காகத் தனியே மெருகேற்றி அடித்த 880 மட்டுமே அந்த ஆண்டின் சாட்சி.

உருக்கிய டாலர்களுக்கு ஈடாகப் புதிய டாலர்களை அடிக்க வேண்டும் என்றும் பிட்மன் சட்டத்தில் இருந்தது. 1921-இல் மறுபடி மார்கன் டாலர் அடித்தது அதனால்தான். பழைய மூல அச்சுகளை 1910-லேயே அழித்துவிட்டதால் புதிதாகச் செய்தார்கள். புடைப்பு குறைந்து, கூந்தல் தட்டையாகிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்பதால் 1921-ஐ இளக்காரமாகப் பார்க்கும் சேகரிப்பாளர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் அடிக்கப்பட்டது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நாணயம் வேறு அதிகம் இல்லை.

இனி, பார்ப்பது எப்படி? விளிம்பைப் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். புதுக்கருக்கு அழியாத டாலரில் ஒளி அசையாமல் நிற்காது. தேர்ச்சக்கரத்தின் ஆரங்கள்போல மையத்திலிருந்து விரிந்து சுற்றி வரும். எஃகு அச்சு அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாகப் படிகிறது. அந்த வரிகளில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் அது. புழக்கத்தில் முதலில் தேய்வதும் இந்த வரிகளே.

நம் வீடுகளில் வெள்ளிச் சாமான் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போம். குத்துவிளக்குக்கும் கும்பாவுக்கும் அது சரி. நாணயத்தில் கை வைத்தால் நுண்வரிகள் போயின. விலையில் பாதியும் போயிற்று. பிறகு மிஞ்சுவது ஒரே சீரான, உயிரற்ற வெண்மை. கறுப்பு என்று நாம் நினைப்பதிலும் அழகு உண்டு. பை ஓரத்தில் கித்தானை ஒட்டிக் கிடந்த டாலர்களில் கந்தகம் மெல்லப் படிந்து, பொன் மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் ஏறியிருக்கும். அந்த நிறங்களுக்காகவே இன்று ஏலத்தில் போட்டி போடுகிறார்கள்.

அச்சின் அழுத்தமும் ஊருக்கு ஊர் வேறு. 1881 சான் ஃபிரான்சிஸ்கோ டாலரில் காதுக்கு மேலுள்ள ஒவ்வொரு மயிரிழையும் தெரியும், கழுகின் மார்பில் இறகு இறகாகத் தெரியும். நியூ ஆர்லியன்ஸ் டாலர் பலவற்றில் அதே இடம் மழுங்கியிருக்கும். தேய்ந்தது என்று எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. அடிக்கும்போதே அழுத்தம் போதவில்லை. ஒளி உடையாமல் சுற்றி வருகிறதா என்று பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும். கன்னத்தில் உள்ள சிறு வெட்டுகள், பைக்குள் டாலரோடு டாலர் மோதியதால் வந்தவை. அகன்ற கன்னம் என்பதால் ஒன்றும் மறைவதில்லை.

1949-இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவைத்தான் எல்லோரும் இன்று பின்பற்றுகிறார்கள். 1980-களின் நடுவிலிருந்து தர நிர்ணய நிறுவனங்கள் நாணயத்தைப் பிளாஸ்டிக் வில்லைக்குள் அடைத்து எண் போட்டுத் தருகின்றன. போலிகள் மலிந்த சந்தையில் அது நல்ல காவல். 1893 சான் ஃபிரான்சிஸ்கோ டாலர் மொத்தமே ஒரு லட்சம்தான். சாதாரண 1893 டாலரில் 'எஸ்' எழுத்தை ஒட்டி அதைப் போலியாகச் செய்கிறார்கள். உண்மை நாணயங்களின் தலைப் பக்கம் ஒரே அச்சிலிருந்து வந்தது. 'லிபர்ட்டி' என்ற எழுத்துகளில் 'டி'யின் மேற்பகுதியில் மெல்லிய புடைத்த கீறல் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு, எடை பார்க்கும் சின்னத் தராசும் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றைத் தவிர்க்கலாம். ஆனால், வில்லையிலுள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் நாணயத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பார்த்துப் பழகியவர்களுக்கு வேறொரு வேட்டை இருக்கிறது. லெராய் வான் ஆலனும் ஜார்ஜ் மாலிஸும் ஆயிரக்கணக்கான அச்சு வேறுபாடுகளைப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அவற்றை 'வாம்' என்று அழைக்கிறார்கள். அதன் முதல் பாடம் 1878-லேயே இருக்கிறது. மார்கன் கழுகுக்கு எட்டு வால் இறகுகள் வரைந்திருந்தார். அமெரிக்க நாணயக் கழுகுகளுக்கு ஒற்றைப்படை இறகுகளே மரபு என்பதால் ஏழாக மாற்றச் சொன்னார்கள். அவசரத்தில், எட்டு இறகு பதிந்திருந்த சில அச்சுகளின் மேலேயே ஏழு இறகைப் பதித்துவிட்டார்கள். 1878 ஃபிலடெல்ஃபியா டாலர் ஏதாவது கைக்கு வந்தால் கழுகின் வாலைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஏழு இறகுகளுக்கு அடியில் பழைய இறகுகளின் நுனிகள் எட்டிப் பார்க்கின்றனவா என்று எண்ணுங்கள்.