கொட்டகுடி ஆற்றங்கரையும் உயிர்காப்பாளர் பயிற்சியும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் மலைச்சரிவுகளில், குரங்கணியிலும் கொட்டகுடியிலும் போடிமெட்டை ஒட்டிய ஏலத்தோட்டங்களிலும் பெய்யும் மழை, பாறை இடுக்குகளில் ஓடைகளாக இறங்கிக் கொட்டகுடி ஆற்றில் கூடி, நகரைத் தொட்டுக்கொண்டு தேனிப் பக்கமாகச் சென்று வைகைப் படுகையில் சேர்கிறது. மலை உச்சிக்கும் நகருக்கும் இடையே உயர வேறுபாடு ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்க, இடைப்பட்ட தொலைவோ மிகக் குறுகியதாக இருப்பதால், மேலே கொட்டிய மழை கீழே வெள்ளமாக வந்து சேர அதிக நேரம் பிடிப்பதில்லை. நகரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் செந்நீர் வருவது இப்பகுதி மக்கள் அறிந்த ஒன்றே. விடுமுறை நாள்களில் அணைப்பிள்ளையார் தடுப்பணையிலும், தேனி மாவட்டத்தின் பிற பகுதிகளில் கும்பக்கரை, சுருளி அருவிகளிலும் குளிக்க வருவோர் இந்த வேகத்தை அறியாமலே நீரில் இறங்குகின்றனர். நீர்வரத்து கூடும்போது அருவிகளில் குளிக்க வனத்துறை தடை விதிப்பது பல உயிர்களைக் காத்து வருகிறது என்றாலும், தடை இல்லாத நாளில் கரையில் நின்று கண்காணிப்பவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற கேள்வி அதற்கு இணையான கவனத்தைப் பெறவில்லை.

உயிர்காப்பாளர் எனப்படுபவர், குளிப்போரைத் தொடர்ந்து கவனித்து, ஆபத்து நேராமல் தடுத்து, நேர்ந்துவிட்டால் மீட்டு, மருத்துவ உதவி வந்து சேரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதைப் பொறுப்பாக ஏற்றவர். இந்த வரையறையில் நீச்சல் என்ற சொல் இல்லை என்பது கருதத்தக்கது. கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டக் கிணறுகளில், முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டிக்கொண்டு, அண்ணனோ மாமனோ தள்ளிவிட நீந்தக் கற்ற இளைஞர் பலர் உண்டு. மேலிருந்து குதிக்கவும் அடியில் மூழ்கி மண் எடுத்து வரவும் வல்லவர்களான இவர்களுக்கு அந்தத் திறமை பயிற்சியின் வாசல்படியாக உதவும், ஆனால் பயிற்சியாகிவிடாது.

அந்த வாசல்படியின் உயரம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனில் நீச்சல் குளக் காவலர் தகுதி பெற விரும்புபவர் 50 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்த வேண்டும்; முன்புறமும் பின்புறமுமாக 100 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 30 விநாடி நின்ற நிலையில் மிதக்கவும், குளத்தின் ஆழமான பகுதியில் அடிவரை மூழ்கவும், ஏணியின் உதவியின்றிக் கரையேறவும் வேண்டும். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்துவதும், 200 மீட்டர் ஓடி, 200 மீட்டர் கடலில் நீந்தி, மீண்டும் 200 மீட்டர் ஓடுவதை 8 நிமிடத்துக்குள் முடிப்பதும் தேவைப்படுகின்றன. இந்தியாவில் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டியும், கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனமும் இத்துறையில் பயிற்சி அளித்துவரும் அமைப்புகள். கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் இத்தகைய தேர்வில் முதலில் தடுமாறும் இடம் தூரம். பத்தடி அகலக் கிணற்றில் எத்தனை ஆண்டு நீந்தியிருந்தாலும் மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு தொடர்ந்து நீளமாக நீந்தும் பழக்கம் வந்துவிடுவதில்லை என்பதால், பயிற்சிக்குச் செல்லுமுன் சில வாரங்களேனும் அதற்கென ஒதுக்குவது நல்லது.

உடல் தேர்வு முடிந்தபின் தொடங்கும் பாடங்களில் முதன்மையானதும் பலரை வியப்பில் ஆழ்த்துவதும் பார்வைப் பயிற்சியே. நீரில் மூழ்குபவர் கைகளை ஆட்டிக் கூவி அழைப்பார் என்று திரைப்படங்கள் பழக்கிவிட்ட எண்ணம் பெரும்பாலும் தவறானது. அமெரிக்க உயிர்காப்பாளரும் ஆய்வாளருமான ஃபிராங்க் பியா, நியூயார்க் நகரக் கடற்கரை ஒன்றில் உண்மையான மீட்பு நிகழ்வுகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, நீந்தத் தெரியாதவர் மூழ்கும்போது உடல் தானாகச் செய்யும் அசைவுகளை விவரித்தார். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வருவதால் மூச்சு விடவே நேரம் போதாமல் குரல் எழுவதில்லை, கைகள் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றனவே தவிர மேலே உயர்வதில்லை, கால்கள் உந்துவதில்லை, உடல் செங்குத்தாக நிற்கிறது. இந்த நிலை 20 முதல் 60 விநாடி வரையே நீடிக்கும், அதற்குப் பின் தலை நீருக்குள் போய்விடும். பக்கத்தில் குளித்துக்கொண்டிருப்பவர்கள்கூட அவர் விளையாடுகிறார் என்றே எண்ணக்கூடும். ஆகவே பயிற்சி பெறுபவர் நீர்ப்பரப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மேற்பரப்பை மட்டுமன்றி அடிப்பகுதியையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பார்வையால் அளக்கவும், தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கும் ஒருவரைக் கூட்டத்துக்குள் கண்டறியவும் பழக்கப்படுகிறார். கவனம் விரைவில் சோர்ந்துவிடும் தன்மை உடையது என்பதால் காவலர்கள் குறுகிய இடைவெளிகளில் இடம் மாறுகின்றனர். பணியில் இருக்கும்போது கைப்பேசி பார்ப்பது எங்கும் மன்னிக்கப்படாத குற்றம். அருவியின் இரைச்சலில் கூவினாலும் கேட்காது என்பதை நினைத்தால், கடற்கரையைவிட மலையடிவாரத்தில்தான் கண்ணின் வேலை மிகுதி.

அடுத்த பாடம், நீரில் குதிக்காமல் மீட்பது. இது கோழைத்தனம் போலத் தோன்றலாம்; ஆனால் தமிழ்நாட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவரும் மூவரும் ஒன்றாக உயிரிழக்கும் செய்திகளில் பலவற்றின் பின்னே, மூழ்கிய பிள்ளையைக் காப்பாற்றத் தந்தையோ சித்தப்பாவோ அடுத்தடுத்து இறங்கிய நிகழ்ச்சி இருக்கிறது. மூழ்குபவர் கையில் எட்டியதைப் பற்றி மேலேறவே முயல்வார். எட்டுவது மீட்பவரின் கழுத்தாக இருந்தால் இருவரும் மூழ்குவர். எனவே கரையில் படுத்துக் கம்பையோ கிளையையோ நீட்டுவது முதல் வழி. கயிறோ மிதக்கும் பொருளோ எறிவது இரண்டாவது. படகு இருந்தால் அதில் செல்வது மூன்றாவது. இவை எதுவும் இயலாதபோது, மிதவை ஒன்றைத் தன்னோடு எடுத்துக்கொண்டு நீந்திச் செல்வது கடைசி என்ற வரிசை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. நீந்திச் சென்றாலும் மிதவையை முன்னே தள்ளி அவரைப் பிடிக்கச் செய்வதும், அவர் தன்னைப் பற்றிக்கொண்டால் நீருக்குள் அமிழ்ந்து பிடியை விடுவிப்பதும், பின்புறமாக அணைத்து இழுத்து வருவதும் நூறுமுறை செய்து பழகப்படுகின்றன. கருவி இல்லாத கரையில் வேட்டியும் சேலையும் கயிறாகும். மூடியை இறுக்கிய பிளாஸ்டிக் கேனும் காற்றடித்த லாரி டியூபும் மிதவையாகும்.

இதுவரை சொன்னவை குளத்துக்கும் கடலுக்கும் மலையாற்றுக்கும் பொது. ஓடும் நீர் மட்டுமே கேட்கும் பாடங்கள் வேறு உள்ளன. போடிப் பகுதி இளைஞர் ஒருவர் நீச்சல் குளக் காவலர் சான்றிதழுடன் ஊர் திரும்பினால், அவை இல்லாமல் அவருடைய பயிற்சி பாதியிலேயே நிற்கும். நீரின் வேகம் இருமடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவு நீர்தானே என்று இறங்கியவர் அடித்துச் செல்லப்படுவதற்கு இதுவே காரணம். வேகமான நீரில் எழுந்து நிற்க முயல்வது பெரும் பிழை; பாறைகளின் இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னிருந்து தள்ளும் நீர் உடலை முன்புறமாக மடக்கி முகத்தை நீருக்குள் அழுத்திவிடும். அதனால் மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மேலே தூக்கி வைத்து, பாறைகளைக் காலால் உதைத்து விலகியபடியே கையால் துழாவிக் கரையோரம் ஒதுங்கும் முறை கற்பிக்கப்படுகிறது. ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரமும் மூங்கில் புதரும் நீரை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்துக்கொள்ளும் சல்லடை போன்றவை ஆதலால், அவற்றை முன்கூட்டியே கண்டு விலகுவதும் இதே பாடத்தின் பகுதி.

தடுப்பணை தனிக் கவனத்துக்குரியது. சுவர் மீது வழிந்து விழும் நீர் அடியில் மோதித் திரும்பி, மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கியே ஓடுகிறது. அதில் அகப்பட்டவர் உள்ளே இழுக்கப்பட்டு, அடியில் தள்ளப்பட்டு, சற்றுத் தள்ளி மேலே வந்து, மறுபடியும் சுவரடிக்கே கொண்டுவரப்படுகிறார். அங்கே நுரைத்திருக்கும் வெள்ளை நீரில் காற்று மிகுந்திருப்பதால் மிதக்கும் ஆற்றலும் குறைகிறது. பார்வைக்கு அழகான, உயரம் குறைந்த, ஒரே மட்டமான வழிவு என்பதே இதன் அபாயம். தேர்ந்த நீச்சல்காரரும் உடல் வலிமையால் மட்டும் இதிலிருந்து மீள்வது அரிது. எனவே மீட்பு கரையிலிருந்து எறிகயிற்றால் நடைபெற வேண்டும். சிறு பை ஒன்றுக்குள் மிதக்கும் கயிறு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால் கயிறு தானே அவிழ்ந்து நீளும். நீரில் சிக்கியவரின் தலைக்கு அப்பால், அவர் மார்பின் குறுக்கே கயிறு விழும்படி எறிவதும், பிடித்தவுடன் வரும் இழுப்பைக் காலூன்றித் தாங்குவதும், அவரைப் பெண்டுலம் போலக் கரைக்கு ஒதுங்கச் செய்வதும் சில நாள் பழக்கத்தில் கைவரும். கயிற்றை மீட்பவரின் இடுப்பில் முடிச்சிட்டுக் கட்டுவது நம் ஊர்களில் இயல்பாகச் செய்யப்படும் ஒன்று. ஓடும் நீரில் அதுவே அவரை நீருக்குள் அழுத்திக் கொன்றுவிடக்கூடும் என்பதால், இழுத்தவுடன் விடுபடும் பட்டை உள்ள மீட்பு அங்கி அணிந்தோரைத் தவிர வேறெவரும் அவ்வாறு செய்யக் கூடாது.

ஆற்றுக் காவலில் ஒருவர் எப்போதும் மேல்நீரில் நிற்க வேண்டும் என்பதும் பயிற்சியின் விதி. தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வருவதும், இரைச்சலின் தன்மை மாறுவதும் வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டவுடன் விசில் அடித்து அனைவரையும் வெளியேற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. மேலே குரங்கணியிலோ முந்தலிலோ இருப்பவர் கீழே உள்ள காவலருக்கு உடனே தகவல் சொல்லும் ஏற்பாடு, விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

மலைமேல் வேறொரு ஆபத்தும் உண்டு. போடியிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்பவர்கள் படுதாக் குளங்களை நன்கு அறிவர். கோடையில் செடிக்குப் பாய்ச்சுவதற்காக மண்ணைத் தோண்டித் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை விரித்து மழைநீர் தேக்கும் குளங்கள் அவை. விரிப்பின் மீது பாசி படர்ந்தால் சரிவில் விரல் ஊன்றவும் இடம் கிடைக்காது. நீந்தத் தெரிந்தவரும் கரைவரை வந்து, ஏற முடியாமல் வழுக்கி வழுக்கிக் களைத்து மூழ்கக்கூடும். சுற்றிலும் வேலியும், விளிம்பிலிருந்து நீருக்குள் தொங்கும் முடிச்சுக் கயிறும், ஒரு டியூபும் இருந்தால் இந்தச் சாவுகளில் பலவற்றைத் தவிர்க்கலாம். காவலர் நிற்க முடியாத இடங்களைக் கண்டறிந்து இவ்வாறு பாதுகாப்பது உயிர்காப்புக் கல்வியில் மீட்பைவிட உயர்ந்த இடம் பெறுகிறது.

கரை சேர்த்தபின் நடப்பதில்தான் நீண்டகாலத் தவறுகள் குவிந்துள்ளன. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றுவதும் இன்றும் பல இடங்களில் நடக்கின்றன. இவற்றால் வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும், விலைமதிப்பற்ற நேரமும் வீணாகும். மூழ்கியவரின் இதயம் நிற்பது மூச்சுக்காற்று இல்லாததால். ஆகவே அவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று. உணர்வும் இயல்பான மூச்சும் இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் தலையைச் சாய்த்துத் தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். தொடக்கத்தில் ஐந்து ஊதல் என ஐரோப்பிய நெறிமுறையும் இரண்டு என அமெரிக்க நெறிமுறையும் கூறுகின்றன. பின்னர் மார்பின் நடுவே 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று மருத்துவ உதவி வரும்வரை தொடர வேண்டும். திணறித் திணறி வரும் மூச்சை உயிர் மூச்சாக எண்ணி நிறுத்திவிடக் கூடாது. எழுந்து உட்கார்ந்து பேசினாலும், நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் சில மணி நேரத்தில் நிலை மோசமாகலாம் என்பதால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது கட்டாயம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கணக்குகள் காட்டுகின்றன. இத்தனைக்கும் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் படைப்பிரிவும், பல ஊர்களில் தீயணைப்பு மீட்புப் பணித் துறையின் நிலையங்களும் உள்ளன. ஆனால் மூழ்குபவருக்கு இருக்கும் ஒரு நிமிடத்துக்குள் எந்த வண்டியும் வந்து சேர இயலாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்களும் அப்பகுதி மக்களே. நாடு முழுவதும் தன்னார்வலர்களுக்குப் பேரிடர் மீட்பில் 12 நாள் பயிற்சி தரும் ஆப்த மித்ரா திட்டம் இத்தகையோரை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. ஜீப் ஓட்டுநர்கள், தோட்டத் தொழிலாளர்கள், அணைப்பிள்ளையார் தடுப்பணையருகே கடை வைத்திருப்போர், கொட்டகுடிப் பள்ளி மாணவர்கள் எனத் தொடங்கினால், எறிகயிறும் செயற்கைச் சுவாசமும் அறிந்தவர் எப்போதும் ஆற்றருகே இருப்பர். பல நாடுகளில் உயிர்காப்பாளர் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளே செல்லும். இடையிலும் மாதந்தோறும் ஒத்திகை உண்டு. கைப்பழக்கம் மறந்துவிடும் என்பதால், ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறையேனும் ஆற்றங்கரையிலேயே கயிறு வீசிப் பார்த்துவிட வேண்டும்.